செம்பும் மரமும்

குற்றாலத்துச் சாரலைப் புகழாதவர் இல்லை. ஆனித் திங்கள் பிறந்து மேல்காற்று எழுந்துவிட்டால், ஆரியங்காவுக் கணவாயின் வழியே மேகங்கள் நுழைந்து வந்து திரிகூட மலையின் முகட்டில் தங்கி, பூந்தூறலாய்ப் பொழியத் தொடங்குகின்றன. பேரருவியில் தலை கொடுத்து நிற்பவருக்கும், சிற்றாற்றங்கரையில் ஈரக் காற்று வாங்கி நடப்பவருக்கும் அது அமுதம். ஆயின், அதே சாரல் ஒரு பொருளுக்கு மட்டும் நஞ்சாக அமைந்துவிடுகிறது. வெட்டி அறுத்து, வெளியிலே நிறுத்தப்பட்ட மரமே அப்பொருள்.

மலைமீது உயிரோடு நிற்கும் மரம் நூறு ஆண்டு மழையையும் தாங்கும். அதையே சட்டமாக அறுத்து வேலிக்காலாக நட்டால், மூன்று நான்கு மழைக்காலங்களுக்குள் அடி மட்கிச் சாய்ந்துவிடும். இது ஏன் நிகழ்கிறது? இதனைத் தடுக்க நம் முன்னோர் என்ன செய்தனர்? அண்மைக் காலத்து விஞ்ஞானம் என்ன செய்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்டால், தொல்காப்பியத்தில் தொடங்கி, திருக்குற்றாலத்துச் சித்திர சபையின் வழியாக, இமயத்தின் அடிவாரத்திலுள்ள டேராடூன் வரையில் நாம் செல்ல வேண்டியிருக்கும். வழியில் பல இடங்களில் ஓர் உலோகத்தை எதிர்ப்படுவோம். அது செம்பு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, குற்றாலத்தை அடுத்த ஒரு தோட்டத்துக்கு விருந்தினனாகச் சென்றிருந்தேன். ஓடைக்கரையில் அழகான மரத்தளம் ஒன்று அமைத்திருந்தார்கள். சுற்றிலும் கிராதி வேலி. தளத்துக்கும் வேலிக்கும் கண்ணாடி போல் பளபளக்கும் பச்சை எனாமல் வண்ணம். தோட்டக்காரர் பெருமையோடு காட்டினார். வண்ணத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நான் இரண்டு அடி எடுத்து வைத்தேன். மூன்றாவது அடியில் பலகை அப்பம் போல் அமிழ்ந்து, என் கால் முழங்கால் வரையில் உள்ளே சென்றுவிட்டது! வெளியே எடுத்துப் பார்த்தால், வண்ணத்தோல் மட்டும் முழுமையாக இருக்கிறது. உள்ளே இருந்த மரம் ஈரமான புண்ணாக்காகி விட்டிருக்கிறது. மரத்தை அழகு செய்வது வேறு, காப்பது வேறு என்பதை அன்று என் முழங்கால் கற்றுக்கொண்டது.

மரத்தை மட்கச் செய்வது மழைநீர் என்று நாம் சொல்கிறோம். உண்மையில் நீர் மரத்தைத் தின்பதில்லை. தின்பது காளான். கண்ணுக்குப் புலனாகாத அதன் வித்துக்கள் காற்றெங்கும் உள்ளன. மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக ஈரம் இருக்கும் வரையில் அவ்வித்துக்கள் முளைப்பதில்லை. ஈரம் மிகுந்து, காற்றும் கிடைத்தால், அவை நூல் நூலாக மரத்தினுள் ஓடி நாரைக் கரைத்து உண்ணத் தொடங்கும். ஈரம், காற்று ஆகிய இரண்டும் வேண்டும் என்பதைக் கருத்தில் வையுங்கள். நம் நாட்டில் கிணறு தோண்டும்போது அடியில் நெல்லிக்கட்டை இடுவது மரபு. அக்கட்டை தலைமுறை தலைமுறையாக நீருக்குள் கிடந்தும் கெடுவதில்லை. அங்கே காளானுக்கு மூச்சு விடக் காற்றில்லை. வேலிக்காலோ மண்மட்டத்திலேதான் முதலில் ஒடிகிறது. மண்ணின் ஈரமும் வெளியின் காற்றும் சந்திக்கும் இடம் அது.

காளானோடு கறையானும் சேர்ந்துகொள்கிறது. மண்ணுக்கடியில் குடியிருந்து, மண்ணாலேயே குழாய்ப் பாதை கட்டி, அதன் மறைவில் ஏறி வந்து மரத்தைச் செல்லரிக்கிறது. மூன்றாவது பகைவன் வெயில். மரநார்களைப் பசை போல் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைக் கதிரவனின் ஊதாக்கடந்த ஒளி சிதைக்கிறது. அதனாலேயே வெளியில் நிற்கும் மரம் நரைத்து, சாம்பல் நிறம் அடைகிறது. குற்றாலப் பகுதியில் இம்மூன்று பகைவருக்கும் முறை வைத்தாற்போல் பருவம் அமைந்துள்ளது. மூன்று மாதச் சாரல், இடையே உலர்காற்று, பின்பு ஐப்பசி கார்த்திகை அடைமழை, அதன் பின் கோடை. மரம் ஊறி விரிகிறது; காய்ந்து சுருங்குகிறது; வெடிக்கிறது. வெடிப்பில் மீண்டும் நீர் புகுகிறது.

இந்தப் போராட்டத்தில் முதல் பாதுகாப்பு மரத்துக்குள்ளேயே இருக்கிறது. தொல்காப்பியர் மரபியலில் பயிர்களை இரு வகையாகப் பிரித்தார். உள்ளே வைரம் உடையது மரம். வெளியே வைரம் உடையது புல். அகக்காழ், புறக்காழ் என்பன அவர் வழங்கிய சொற்கள். இந்தப் பிரிவினை இலக்கணம் மட்டும் அன்று. தச்சர் அறிந்த உண்மையும் ஆகும். தேக்கின் உள்வைரத்தில் கறையானுக்கு ஒவ்வாத வேதிப்பொருள்களை மரமே சேமித்து வைக்கிறது. அதன் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியில் அத்தகைய காப்பு இல்லை. உயிரோடு இருந்த காலத்தில் நீரும் உணவும் ஓடிய வழியாதலின், பூச்சிக்கு அதுவே விருந்து. ஆகையால், தேக்கு என்ற பெயரைக் கேட்டு மயங்காமல், வெள்ளை நீக்கிய தேக்கா என்று கேட்பதே அறிவுடைமை. பனையோ புறக்காழ். அதனால்தான் நெல்லைச் சீமையில் வீட்டுக் கூரைக்குப் பனங்கை அறுப்பவர், உள்ளே இருக்கும் சோற்றை நீக்கி, கறுத்த வெளிவைரத்தை மட்டும் பயன்படுத்தினர். மூங்கில் புல்லினம், அதன் உடலில் மாவுச்சத்து மிகுதி. வெட்டிய மூங்கிலைக் குளத்தில் பல நாள் ஊறப் போட்டுப் பின்பு உலர்த்தினால், மாவுச்சத்து நீரில் கரைந்து போகிறது. உளுக்கும் பூச்சிக்கு உள்ளே உணவில்லாமல் போகிறது.

வேலியைப் பொறுத்தவரையில் நம் உழவர் இன்னும் எளிய வழி ஒன்றைக் கண்டனர். செத்த மரத்தைக் காப்பதற்கு ஏன் இத்தனை பாடு? உயிருள்ள மரத்தையே வேலியாக நட்டுவிட்டால் தீர்ந்தது! கிளுவைப் போத்தை ஒடித்து ஊன்றினால் அது வேர்விட்டு வேலியாகிறது. கல்யாண முருங்கையும் பூவரசும் அப்படியே. இடையிடையே முள்ளை அடைத்து, வாயிலுக்கு மூங்கில் படல் ஒன்று கட்டினால் தோட்டத்துக்குக் காவல் கிடைத்துவிடும். படல் மட்கினால் ஒரு காலைப் பொழுதில் வேறு படல் கட்டலாம். வேலிக்கால் மட்காது, மாறாக ஆண்டுதோறும் தடித்து வளரும். மழைமிக்க நாட்டில் மரவேலிக் கலை நம்மிடையே பெரிதும் வளராமற்போனதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன். தேவை இல்லாத இடத்தில் கலை பிறப்பதில்லை.

வீட்டிலும் கோயிலிலும் நிலைமை வேறு. அங்கே தூண் வேண்டும், உத்திரம் வேண்டும், கூரை வேண்டும். குற்றாலத்துக்கு அண்மையிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரையில் திருவிதாங்கூர்–கொச்சி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தது. மலைக்கு அப்பாலுள்ள சேர நாட்டுத் தச்சரின் கைவண்ணமும், இப்பாலுள்ள பாண்டி நாட்டுக் கல்தச்சரின் கைவண்ணமும் கலந்த எல்லைப் பகுதி இது. இங்குள்ள பழைய வீடுகளில் மரத்தூண் நேரே மண்ணில் இறங்குவதில்லை. ஒரு கல்லின்மேல் அமர்கிறது. மண்ணின் ஈரம் கல்லோடு நின்றுவிடும். கறையான் ஏறினாலும் அதன் மண்குழாய் வெள்ளைக் கல்லின்மேல் பளிச்சென்று தெரிந்துவிடும். கூரையின் இறவாரமோ சுவரைத் தாண்டி வெளியே நீண்டு தாழ்கிறது. வீசி அடிக்கும் சாரல் சுவரையும் தூணையும் தொடாமல் முற்றத்தில் விழுகிறது. எண்ணெயும் வண்ணமும் பிறகு. முதலில் காலுக்குக் கல், தலைக்குக் குடை. நான் சொன்ன ஓடைக்கரைத் தளத்துக்கு இவ்விரண்டுமே இல்லை.

இந்தக் குடை எத்தகைய பேரழகாகவும் அமையும் என்பதைத் திருக்குற்றாலத்துச் சித்திர சபையில் காணலாம். ஆடல்வல்லானுக்கு ஐந்து சபைகள் உண்டு என்பதைப் பலரும் அறிவர். தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். ஏனைய நான்கிலும் பெருமானைத் திருமேனியாகக் கண்டு வணங்குகிறோம். குற்றாலத்திலோ அவன் சுவரில் தீட்டிய ஓவியமாக நின்று ஆடுகிறான். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்று வடக்கே, தனித்து, ஒரு தெப்பக்குளத்தை முன்னிட்டுச் சபை அமைந்திருக்கிறது. உட்சுவர்களில் கூத்தப்பெருமானும், தேவியின் பல வடிவங்களும், திருவிளையாடற் காட்சிகளும் வண்ண ஓவியங்களாகத் திகழ்கின்றன. மேலே மரவேலைப்பாடு, அதன்மேல் சரிந்திறங்கும் கூரைக்குச் செம்புத் தகடு.

நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபையிலும் இதே அமைப்பைக் காண்கிறோம். உள்ளே நுணுக்கமான மரச்சிற்பம், மேலே தாமிரக் கவசம். செம்பு என்ற உலோகத்தை ஏன் தேர்ந்தார்கள்? விலையும் மதிப்பும் ஒரு காரணம் ஆகலாம். ஆயினும் பயனைப் பார்க்கத் தவறக்கூடாது. இரும்புத் தகடு ஈரத்தில் துருப்பிடித்து, துரு உதிர்ந்து, மீண்டும் துருப்பிடித்துத் துளையாகிவிடும். செம்பும் ஈரத்தில் களிம்பேறும். ஆனால் அந்தப் பச்சைக் களிம்பு உதிர்வதில்லை. தகட்டோடு ஒட்டிக்கொண்டு அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். தன் புண்ணையே தனக்குக் கவசமாக்கிக்கொள்ளும் உலோகம் அது. அதன் கீழ் மரம் உலர்ந்திருக்கிறது. மரத்தின் கீழ் ஓவியம் பிழைத்திருக்கிறது. ஒரு தகட்டின் இணைப்பு விட்டுப்போனால் முதலில் நனைவது உத்திரம். அடுத்து நனைவது சுவர். அதன் பின் உரிவது கூத்தப்பெருமானின் வண்ணம். சித்திர சபையின் சித்திரம் நிலைப்பதும் அழிவதும் கூரையேறிப் பார்க்கின்ற ஒரு பணியாளரின் கண்ணைப் பொறுத்தது என்றால் அது மிகையாகாது.

இனி எண்ணெய்க்கு வருவோம். கதவுக்கும் நிலைக்கும் தேருக்கும் எண்ணெய் பூசுவது தொன்றுதொட்ட வழக்கம். வேப்பெண்ணெய், இலுப்பை எண்ணெய் ஆகியவை உள்நாட்டில். கடற்கரையில் படகுகளுக்குப் புன்னைக்காய் எண்ணெய். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் முந்திரியைக் கொண்டுவந்த பிறகு, முந்திரித் தோட்டு எண்ணெயும் சேர்ந்துகொண்டது. தோலில் பட்டால் கொப்புளிக்கச் செய்யும் கடுமையான எண்ணெய் அது. கறையானும் அதனை அண்டுவதில்லை. இவ்வெண்ணெய்கள் மரத்தின்மேல் தோலாகப் படியாமல், நாருக்குள் ஊறி நிற்கின்றன. வெளியிலிருந்து நீர் புகுவதைத் தடுக்கின்றன; உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுவதைத் தடுப்பதில்லை. எனாமல் வண்ணமோ தோல். மரம் விரிந்து சுருங்கும்போது தோல் எங்கேனும் மயிரிழை அளவு வெடிக்கும். அந்த வழியே உள்ளே சென்ற நீர் திரும்பி வர வழியின்றித் தங்கும். பளபளக்கும் தோலுக்கடியில் காளான் கவலையின்றிக் குடித்தனம் நடத்தும். எனாமல் வண்ணத்தை நான் வெறுப்பதற்கு என் முழங்கால் மட்டும் காரணம் அன்று. எத்தனையோ கோயில் வாகனங்களிலும் தேர்ச் சிற்பங்களிலும் அவ்வண்ணத்தைக் குழைத்துக் குழைத்துப் பூசி, தச்சன் உளியால் பேசிய பேச்சை ஊமையாக்கி விட்டார்கள்.

வண்ணமே கூடாது என்பதன்று என் கருத்து. வெயிலைத் தடுக்க வண்ணம் வேண்டும். நிறமற்ற வார்னிஷ் வழியே ஒளி உள்ளே சென்றுவிடும். காவி முதலிய மண்வண்ணத்தில் உள்ள இரும்புத் துகள்கள் அந்த ஒளியை மறித்து நிற்கும். காவியை மெல்லிய எண்ணெயில் குழைத்துப் பூசினால் அழகுக்கு அழகு, காப்புக்குக் காப்பு. இதனை நாம் அறிந்ததுபோல் வடகடல் நாட்டாரும் அறிந்திருந்தனர். ஸ்வீடன் நாட்டில் ஊர்ப்புறத்து மரவீடுகளும் வேலிகளும் ஒரே செந்நிறமாகக் காட்சி அளிக்கும். ஃபாலூன் என்னும் ஊரில் பல நூற்றாண்டுகளாகச் செம்புச் சுரங்கம் நடந்தது. செம்பை எடுத்தபின் ஒதுக்கிய மண்ணை வறுத்து அரைத்தால் செங்காவி கிடைக்கும். அதனை நீர், கம்பு போன்ற ஒரு தானியத்தின் மாவு, சிறிது எண்ணெய் இவற்றோடு கஞ்சியாகக் காய்ச்சி மரத்தில் பூசுவர். தோல் கட்டாத வண்ணம். மரம் மூச்சுவிட இடம் தரும் வண்ணம். சுரங்கம் 1992-இல் மூடப்பட்டது. எனினும் எஞ்சிய மண்ணிலிருந்து அவ்வண்ணம் இன்றும் செய்யப்படுகிறது. நம் ஊரில் வண்ணம் வாங்குவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலப்பது நெடுநாளைய பழக்கம். குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும் என்பதால், வீட்டு வண்ணங்களில் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் ஆகாது என்று இந்திய அரசு 2016-இல் விதி செய்தது. அதற்கு முன் பூசிய பழைய வேலியைச் சுரண்டும்போது அத்தூளை மூச்சில் வாங்காதிருத்தல் நலம்.

19-ஆம் நூற்றாண்டில் மரத்தைக் காக்கும் வேலைக்கு அவசரம் வந்தது. இரயிலே அந்த அவசரம். தண்டவாளத்தின் கீழ் இலட்சக்கணக்கில் மரக்கட்டைகள் மண்ணில் கிடக்க வேண்டும், மட்கவும் கூடாது. அவற்றுக்குக் கல்லால் கால் வைக்க முடியாது, செம்பால் கூரை வேயவும் முடியாது. 1838-இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் என்பவர் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெரிய இரும்பு உருளைக்குள் மரத்தை அடைத்து, முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார். பின்பு நிலக்கரித் தாரிலிருந்து வடித்த எண்ணெயை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துவார். காற்றை இழந்த மரம், தாகமுற்றவன் நீர் குடிப்பதுபோல் அவ்வெண்ணெயைக் குடித்துவிடும். பூச்சு அன்று, புகட்டல்! மரத்தைக் காப்பதில் இது ஒரு புதிய கருத்து. ஆனால் அந்தக் கட்டை கறுத்து, நாறி, கைபட்டால் ஒட்டும். தண்டவாளத்துக்குத் தகும்; தோட்டத்துக்குத் தகாது.

ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சு நாட்டில் பூஷெரி என்னும் மருத்துவர், வெட்டிய பச்சை மரத்தின் ஓர் முனை வழியே மயில்துத்தக் கரைசலைச் செலுத்தி, மறுமுனை வழியே மரச்சாற்றை வெளியேற்றிக் காட்டினார். மயில்துத்தம் என்பது செம்பின் உப்பே அன்றோ? காளானுக்குச் செம்பு பகை என்பது அதனால் தெளிவாயிற்று. அதே மயில்துத்தத்தோடு சுண்ணாம்பைச் சேர்த்த போர்டோ கலவை 1885-இல் திராட்சைக் கொடிகளுக்குப் பயன்பட்டது. மேற்கு மலைச் சாரலின் பாக்குத் தோட்டங்களில் மகாளி நோய்க்கு இன்றும் அதனைத் தெளிக்கிறார்கள். ஆயினும் மரத்துக்கு அது முற்றும் கைகொடுக்கவில்லை. நீரில் கரைந்து உள்ளே சென்ற உப்பு, மழைநீரில் கரைந்து வெளியே வந்துவிட்டது. குற்றாலச் சாரலில் ஒரு பருவத்துக்குக்கூட அது தாங்காது.

1904-இல் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே மலையைக் குடைந்து இரயில் பாதை திறக்கப்பட்டது. 2018-இல் அகலப் பாதையாக மாறிய அவ்வழியில் இன்று காங்கிரீட் கட்டைகளைக் காண்கிறோம். ஆயின் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாடெங்கும் நீண்ட இத்தகைய பாதைகளுக்கும், தந்திக் கம்பங்களுக்கும் மரமே வேண்டியிருந்தது. தேக்கும் சாலும் போதவில்லை. வைரமில்லாத எளிய மரங்களுக்கு வைரத்தின் வலிமையைக் கொடுக்க முடியுமா என்பது டேராடூன் காட்டாராய்ச்சி நிலையத்தின் முன் நின்ற வினா. அதற்கு 1933-இல் விடை கண்டவர் சொண்டி காமேசம் என்னும் இந்திய அறிஞர்.

அவர் செய்தது என்ன? செம்பு, ஆர்செனிக், குரோமியம் ஆகிய மூன்றின் உப்புக்களையும் ஒரே கரைசலாக்கிப் பெத்தெலின் உருளை வழியே மரத்துக்குப் புகட்டினார். செம்பு காளானைத் தடுக்கும். செம்புக்கு அஞ்சாத காளான்களும் சில உண்டு. அவற்றையும் கறையானையும் ஆர்செனிக் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றினும் நுட்பமானது குரோமியத்தின் பணி. மரத்தினுள் சென்றதும் அது வேதிமாற்றம் அடைந்து, செம்பையும் ஆர்செனிக்கையும் நீரில் கரையாத பொருள்களாக்கி நாரோடு பிணைத்துவிடுகிறது. பூஷெரியைத் தோற்கடித்த மழை இங்கே தோற்றது. ஆர்செனிக், செம்பு இரண்டின் வேதிக் குறியீட்டெழுத்துக்களையும் சேர்த்து அக்கலவைக்கு அஸ்கு என்று பெயரிட்டனர். 1938-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. சித்திர சபையின் தச்சர் மரத்தின்மேல் விரித்த செம்பை, காமேசம் மரத்தின் உள்ளே விரித்தார் என்று சொல்லலாம்.

பிறகு நடந்ததே வியப்பு. தந்திக் கம்பத்துக்கென்று பிறந்த இக்கலவை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேல்நாட்டுத் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டது. நாற்றமில்லை, கையில் ஒட்டாது, இளம்பச்சைச் சாயல், மேலே விரும்பிய வண்ணம் தீட்டலாம். விலை மலிந்த பைன் மரத்தில் வேலியும், கொல்லைப்புற மரத்தளமும், குழந்தைகளின் ஊஞ்சலும் சறுக்குமேடையும் செய்து குவித்தனர். அமெரிக்கக் குடும்பங்கள் மாலையில் நாற்காலி போட்டு அமர்ந்த மரத்தளங்கள் எத்தனையோ, ஓர் இந்திய விஞ்ஞானியின் கலவையால் நின்றன. அவர் பெயரை அங்கே அமர்ந்தவரும் அறியார். இங்கே நம் பாடநூல்களைப் படிப்பவரும் அறியார்.

ஆனால் ஆர்செனிக் என்பது நம் சித்த மருத்துவர் வெள்ளைப் பாடாணம் என்று வழங்கும் நஞ்சின் மூலப்பொருள் ஆயிற்றே! நாரோடு பிணைந்தது என்றாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதில் மிகச் சிறு பகுதி மேற்பரப்புக்கு வந்து மழையில் கழுவுண்டது. தளத்தில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும். இந்த அச்சம் வலுத்ததால், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு வேலிக்கும் தளத்துக்கும் விளையாட்டு மேடைக்கும் இம்மரத்தைச் செய்வதை உற்பத்தியாளர் நிறுத்திக்கொண்டனர். ஐரோப்பிய நாடுகளும் அதனை ஒட்டிய காலத்தில் கட்டுப்பாடு விதித்தன. ஆர்செனிக்கை நீக்கிவிட்டு, செம்பைமட்டும் வைத்துக்கொண்டு, அதனோடு வேறு காப்புப் பொருள்களைச் சேர்க்கும் கலவைகள் இப்போது வழக்கில் உள்ளன. மற்ற இரண்டும் போகச் செம்பு நிலைத்திருக்கிறது. இதனால் காமேசத்தின் பெருமை குறைந்துவிட்டதாக நான் எண்ணவில்லை. அவர் விடை கண்ட வினா தண்டவாளத்தையும் கம்பத்தையும் பற்றியது. அதனைக் குழந்தையின் ஊஞ்சலுக்குக் கொண்டு சென்றவர் வேறு சிலர்.

இதில் நம் ஊருக்கும் ஒரு செய்தி உண்டு. பழைய கம்பங்களும், வெளிநாட்டிலிருந்து சரக்கு வந்த மரப்பெட்டிகளும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி வேலியடைப்பவர் உண்டு. மிச்சத்தை அடுப்பெரிப்பவரும் உண்டு. கலவை புகட்டிய மரத்தை ஒருபோதும் எரித்தல் ஆகாது. மரம்தான் எரியும், ஆர்செனிக் எரியாது. அது புகையிலும் சாம்பலிலும் தங்கி, புகையை முகர்பவரையும், அச்சாம்பலை எருவாக இட்ட கீரையை உண்பவரையும் சென்றடையும்.

டேராடூனில் மரக்காப்பைச் சோதிக்கும் முறை மிக எளியது. ஒரே அளவான மரக்கழிகளை வரிசை வரிசையாகப் பாதி மண்ணில் புதைத்து நிறுத்துவர். ஆண்டுக்கொருமுறை பிடுங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டு, மீண்டும் அதே குழியில் நடுவர். பார்வைக்கு அவ்விடம் நடுகல் நிறைந்த இடுகாடு போலத் தோன்றுவதால், ஆங்கிலேயர் அதற்கு இடுகாட்டுச் சோதனை என்றே பெயர் வைத்தனர். இச்சோதனையைத் தென்காசி வட்டாரத்து மாணவர்கள் தங்கள் பள்ளித் தோட்டத்திலேயே செய்து பார்க்கலாம். முழ நீளத்தில் மூன்று கழிகள் போதும். மரத்தின் வெள்ளைப் பகுதியில் ஒன்று, வைரத்தில் ஒன்று, வேப்பெண்ணெயில் ஒரு வாரம் ஊறிய வெள்ளைப் பகுதியில் ஒன்று. ஆனி பிறப்பதற்கு முன்பே நட்டு, பெயரும் நாளும் எழுதி வையுங்கள். கார்த்திகை மழை ஓய்ந்தபின் பிடுங்கி, நுனியையும் அடியையும் விட்டுவிட்டு, மண்மட்டம் இருந்த இடத்தில் ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள்.